பாட்டில் சொன்ன ஒரு பிடி

கோப்பையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்த பிறகும் செனாய்தாவுக்கு மனசு ஆறவில்லை. மறுபடி எடுத்து முகர்ந்து பார்த்தாள். பட்டை வாசனை, கருப்பட்டி வாசனை, காப்பி வாசனை. வேறு ஒன்றும் இல்லை. இருந்தாலும் மறுபடியும் கழுவினாள்.

அவன் குடித்துவிட்டான். அதுவும் மிச்சம் வைக்காமல்.

"என்ன செனா, இன்னிக்குக் காப்பி இப்படிக் கசக்குது?" என்று கேட்டான் எவேலியோ, முதல் வாயிலேயே.

"பட்டை கூடிப்போச்சு. வேணாம்னா வச்சுரு."

"நீ குடுத்து நான் எதை வேணாம்னிருக்கேன்? நாளைக்குப் பஸ் ஏறிட்டா இந்தக் கசப்புக்கும் வழியில்லை."

கண்ணைச் சிமிட்டினான். அடிமண்டியோடு சேர்த்து விழுங்கினான். சின்னக் கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, விசிலடித்தபடியே சந்தைத் திடலுக்கு இறங்கிப் போய்விட்டான். பஸ் என்ற வார்த்தையை மட்டும் அவன் சொல்லாமல் இருந்திருந்தால், கோப்பையைக் கையிலிருந்து பிடுங்கிக் கொட்டியிருப்பாள். சத்தியமாகக் கொட்டியிருப்பாள்.

போன வாரம் ஞானஸ்நான விருந்தில் நடந்த கூத்து ஊரில் யாருக்கும் மறந்திருக்காது. வாழையிலையில் பொதிந்து சூளையில் வெந்த பெரிய சோளப் பொதியை அப்போதுதான் பிரித்திருந்தார்கள். ஆவி பறந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து எவேலியோ எழுந்து, வடக்கே மோந்தெர்ரேய் நகரத்தில் ஒரு பெரிய உணவகத்தில் தன்னைப் பாடக் கூப்பிட்டிருப்பதாகவும், திங்கட்கிழமை கிளம்பப்போவதாகவும் சொன்னான். கைதட்டல் எழுந்தது. கைதட்டாதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி செனாய்தா, அவனுக்கென்று வாக்குக் கொடுக்கப்பட்டவள். இன்னொருவன் அவளுடைய அண்ணன் அனிசேத்தோ. எவேலியோவோடு சேர்ந்து பெரிய கித்தார் வாசிப்பவன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனவன், அன்றிலிருந்து எவேலியோவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"போய்ட்டு வந்து கல்யாணம் செனா. காப்பிப் பறிப்புக்கு வந்துருவேன்," என்றான் எவேலியோ.

வந்துருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் கதை சான் இசித்ரோ ஊரில் தெருவுக்கு நாலு இருக்கிறது. வடக்கே போனவன் முதல் வருஷம் தினம் கூப்பிடுவான். அடுத்த வருஷம் பண்டிகைக்குக் கூப்பிடுவான். அதற்கடுத்த வருஷம் அவன் கல்யாணப் படம் யார் போனிலாவது வந்து சேரும். செனாய்தாவின் சிநேகிதி ஒருத்தி அப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு மழைக்காலம் முழுக்கக் கதவைத் திறக்கவே இல்லை.

செனாய்தா தன்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்தாள். கேட்டது கிடைக்கும்வரை நிமிர்த்தமாட்டேன் என்று அந்தோணியார் சொரூபத்தைத் தலைகீழாக நிறுத்தினாள். பாவம், அவர் ஒரு வாரமாக அரிசிப் பானைக்குள் தலைகீழாக நின்றதுதான் மிச்சம், எவேலியோ பெட்டியைக் கட்டிக்கொண்டுதான் இருந்தான். அவன் தலைமுடியைத் தன் முடியோடு சேர்த்துப் பின்னித் தலையணைக்கடியில் வைத்தாள். பஸ் டிக்கெட்டைக் கொண்டுவந்து அவளிடமே காட்டி மகிழ்ந்தான். கடைசியாக மிஞ்சியது ஊமத்தை.

அந்த ஊரில் ஊர்சுற்றி ஒருவன் திடீரென்று வீட்டோடு அடங்கினால், "அவ என்னமோ குடுத்திருக்கா" என்றுதான் சொல்வார்கள். என்ன குடுத்தாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும். காதல் பாட்டென்று ஒன்று இருந்தால் அதில் ஊமத்தை இல்லாமல் இருக்காது. ரேடியோவைத் திருப்பினால் எவனாவது ஒருவன், அவள் கொடுத்தாள், நான் குடித்தேன், பைத்தியமாகத் திரிகிறேன் என்று உருகிக்கொண்டிருப்பான்.

செடிக்குப் பஞ்சமில்லை, சோளக்கொல்லை ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. அளவுதான் தெரியவில்லை. சந்தையில் மூலிகை விற்கிற பொம்பளையிடம் கேட்டால் சொல்லியிருப்பாள். அவளிடம் கேட்பதும் கோவில் மணியை அடிப்பதும் ஒன்றுதான், மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். யாரைக் கேட்பது?

அப்போதுதான் அவளுக்குப் பாட்டு ஞாபகம் வந்தது. எவேலியோவே கட்டிய பாட்டு. கல்யாண வீடு தவறாமல் அவனும் அண்ணனும் பாடுகிற பாட்டு.

முடிபின்னி வந்தாளே மலைநாட்டுக் காரி,
பிடியள்ளிப் போட்டாளே ஊமத்தை வாரி,
குடியின்னா, மறுக்காமக் குடிச்சேனே நானும்,
படிதாண்டிப் போகலையே ஊர்போன போதும்.

பாட்டிலேயே இருக்கிறதே, பிறகு யாரைக் கேட்கவேண்டும்? பாட்டுக் கட்டுகிறவர்கள் விவரம் தெரியாமலா கட்டுவார்கள்? செனாய்தா கொல்லைக்குப் போனாள். ஒரு பிடி அள்ளினாள்.

இப்போது கோப்பை சுத்தமாக இருந்தது.

சோள அடைக் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு அவள் திடலுக்கு வந்தபோது ஞாயிற்றுச் சந்தை களைகட்டியிருந்தது. நடுவில் மேடை. வயலின்காரர் ஒரு பக்கம், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு அனிசேத்தோ இன்னொரு பக்கம், நடுவில் எவேலியோ. பலகையில் ஜோடிகள் காலைத் தட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அவன் பாடுகிற அழகைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. நல்லபடியாகத்தான் இருக்கிறான். கூடையை இறக்கி வைத்து, முதல் அடையைக் காரச் சல்சா ஊற்றி யாருக்கோ நீட்டினாள்.

அந்த ஊர்ப் பாட்டுக்கு ஒரு முறை உண்டு. ஒருவன் இரண்டு அடி பாடினால் மற்றவன் அதை அப்படியே திருப்பிப் பாடிக் கொடுக்கவேண்டும். திருப்பிக் கொடுக்கிற நேரத்தில் முதல் ஆள் அடுத்த அடியை மனசுக்குள் கட்டிவிடுவான். அனிசேத்தோ பேச்சை நிறுத்தியிருந்தானே தவிர, திருப்பிப் பாடுவதை நிறுத்தவில்லை. அன்றைக்கு அண்ணன் முதலடிகளைப் பாடினான். எவேலியோ திருப்பவில்லை.

வயலின் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அனிசேத்தோ மறுபடி பாடினான். எவேலியோ வாயைத் திறந்தான், நாக்கால் உதட்டைத் தடவினான், வயலின்காரரைப் பார்த்துப் பாட்டிலேயே சொன்னான்.

"தோள்மேல கிளியொண்ணு உக்காந்திருக்கு, தூக்கிவிடுங்க, வாள்போல மூக்கு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நின்ற இடத்தில் புதுசாகக் கட்டுகிறான் என்று நினைத்துவிட்டார்கள். அப்படிக் கட்டுவதுதானே அவன் பெயருக்கே காரணம். "அப்படிப் போடு," என்று யாரோ கத்தினார்கள். கைதட்டல் மேலே மேலே ஏறியது.

செனாய்தா சிரிக்கவில்லை. அவன் கண்ணைப் பார்த்தாள். பழுப்புக் கண் அவனுக்கு. அந்தப் பழுப்பையே காணோம், முழுக்கக் கறுப்பாக இருந்தது. முகம் அடுப்பு வேக்காடு பட்டதுபோல் சிவந்திருந்தது. கித்தார் நரம்பை விட்டுவிட்டு, அதற்கு வெளியே காற்றில் எதையோ மீட்டிக்கொண்டிருந்தான். அதற்கும் கைதட்டினார்கள்.

"நிறுத்துங்க. தட்டாதீங்க," என்றாள் அவள். யார் காதில் விழுந்தது?

எவேலியோ மேடை ஓரத்துக்கு வந்தான். எதிரே ஆள் யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து, "வாங்க, உட்காருங்க," என்று பணிவாகச் சொன்னான். அப்புறம் தடாலென்று விழுந்தான்.

அப்போதும் ஒரு கணம் சிரிப்பு நிற்கவில்லை.

முதலில் ஓடி வந்தவள் எர்மிலா. எவேலியோவின் தாய். தக்காளிக் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். மகன் நெற்றியைத் தொட்டதும் கையை வெடுக்கென்று எடுத்தாள், அவ்வளவு சூடு.

"யாரோ கண்ணு வச்சுட்டாங்க. ஊரைவிட்டுப் போறான்னதும் வயிறெரிஞ்சு கண்ணு வச்சுட்டாங்க. ஒரு முட்டை குடுங்கடி யாராவது."

முட்டை வந்தது. உச்சந்தலையிலிருந்து பாதம்வரை உருட்டி, தண்ணீர்த் தம்ளரில் உடைத்து ஊற்றினாள். மஞ்சள்கருவில் ஒரு ரத்தப் பொட்டு. பெண்கள் வட்டமாகக் குனிந்து பார்த்து உச்சுக் கொட்டினார்கள். எவேலியோ அதற்குள் சட்டையில் இல்லாத பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கியிருந்தான்.

"முட்டையெல்லாம் அப்புறம் பாக்கலாம் அத்தே. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க," என்றான் அனிசேத்தோ. பேசாதிருந்தவன்தான் அவனைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினான்.

செனாய்தா கூடையை மறந்து பின்னாலேயே ஓடினாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. செத்துவிடுவானோ? கட்டிப்போட நினைத்தோம், கொன்றேவிட்டோமோ?

மருத்துவமனை என்றால் நாலு கட்டிலும் ஒரு டாக்டரும்தான். டாக்டரம்மா சின்னப் பெண், தலைநகரத்திலிருந்து ஒரு வருஷப் பணிக்காக வந்தவள். எவேலியோவைக் கட்டிலோடு துணியால் கட்டித்தான் சோதிக்க வேண்டியிருந்தது. வெளியே வந்தபோது அவள் நெற்றியெல்லாம் வியர்வை.

"காலையில என்ன சாப்பிட்டார்?"

"ஒண்ணும் இல்ல டாக்டரம்மா, என் வீட்டுல இருந்து பட்டினியாத்தான் கிளம்பினான்," என்றாள் எர்மிலா.

"காய்ச்சல் இருந்துதா? தலைவலி?"

"நேத்துவரைக்கும் குதிரை மாதிரி இருந்தான்."

"நெஞ்சு தாறுமாறா ஓடுது. ஆளைத் தெரியலை. மூளைக்காய்ச்சலா இருக்குமோன்னு பயமா இருக்கு. இங்க வச்சுப் பாக்க வசதியில்ல. ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன், பெரிய ஊருக்கு அனுப்பிடலாம். வேற ஏதாவது குடிச்சாரா? மதுவோட ஏதாவது? மறைக்காம சொல்லுங்க, அது தெரிஞ்சா வைத்தியமே வேற."

செனாய்தா வாயைத் திறந்தாள். மறுபடி மூடிக்கொண்டாள். சொன்னால் எவேலியோ போய்விட்டான் என்று அர்த்தம். உயிரோடு எழுந்தாலும் போய்விட்டான். விஷம் வைத்தவளை எவன் கட்டுவான்? எந்தத் தாய் கட்டிவைப்பாள்? சொல்லாவிட்டால்?

டாக்டரம்மா கொஞ்சம் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிவிட்டாள்.

எர்மிலா மெல்லத் தலையைத் திருப்பினாள், செனாய்தாவின் பக்கம் இல்லை, அனிசேத்தோவின் பக்கம்.

"என் பிள்ளை காலையில உங்க வீட்டுக்குத்தானே வந்தான்?"

"வந்திருப்பான். நான் பாக்கலை. கொல்லைப் பக்கம் இருந்தேன்."

"கொல்லைப் பக்கம் என்ன பண்ணினே?"

"அத்தே, என்ன கேக்குறீங்க?"

"என் பிள்ளை போயிட்டா உன் கித்தாரைக் கேக்க நாதியில்ல. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விருந்துல எல்லார் முன்னாடியும் தட்டைத் தள்ளிட்டுப் போனவன் நீ."

"நான் அவன்கூடப் பேசியே ஒரு வாரம் ஆச்சு. பேசாதவன் கையால அவன் என்னத்தை வாங்கிக் குடிப்பான்?"

"பேசாம குடுக்கிறதுதான் குடுக்கிறது," என்றாள் எர்மிலா. வாசலில் நின்ற போலீஸ்காரரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

போலீஸ்காரர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். சந்தைப் பாட்டை அவரும் கேட்டு ரசித்துவிட்டுத்தான் வந்திருந்தார். "நீ இங்கயே இரு தம்பி, எங்கயும் போயிடாதே," என்று அனிசேத்தோவிடம் சொல்லிவிட்டு வாசலை மறித்து நின்றார்.

கீழே மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் ஏறி வருகிற சத்தம் கேட்டது. செனாய்தா அண்ணன் சட்டையைப் பிடித்து நடைகோடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணே. நான்தான்."

"என்ன நீதான்?"

"காப்பியில. ஊமத்தை. போகக்கூடாதுன்னு."

அனிசேத்தோ தங்கையையே பார்த்தான். கோபப்படவில்லை. அவன் பயந்துவிட்டான், அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"எவ்வளவு போட்டே?"

"அளவாத்தான் போட்டேன்."

"எந்த அளவு?"

"பாட்டுல சொன்ன அளவு. ஒரு பிடி."

"ஐயோ," என்றான் அனிசேத்தோ. சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அடிப் பைத்தியமே. அது அளவா? முடின்னு முதலடி வந்துருச்சு, அடுத்த அடிக்கு எதுகை கிடைக்கலை. அவன் 'இதழொண்ணு போட்டாளே'ன்னுதான் கட்டியிருந்தான். ஒரே ஒரு இதழ். முடிக்கு இதழ் எங்க ஒட்டும்? ஓசை நொண்டுது, பிடின்னு போட்டுப் பாருடான்னேன். நான்தான் சொன்னேன் செனா. அந்தப் பிடி நான் போட்டது."

"பாட்டு கட்டுறவங்க தெரியாமலா—"

"எங்களுக்கு என்னடி தெரியும்? ஊமத்தையை நாங்க மோந்துகூடப் பாத்ததில்ல."

ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. ஆட்கள் தூக்குப் படுக்கையை இறக்கினார்கள்.

"நான் போட்டேன்னு சொல்லிடுறேன்," என்றான் அனிசேத்தோ, எழுந்துகொண்டே. "ஏற்கெனவே எம்மேலதானே சந்தேகம். நான் சொன்னா உன் கல்யாணமாவது தப்பும்."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, செனாய்தாவுக்கு அது நல்ல யோசனையாகத் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்துப் பிற்பாடு அவள் எத்தனை தடவை வெட்கப்பட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். அதற்குள் உள்ளேயிருந்து எவேலியோவின் குரல் கேட்டது. பாட்டு இல்லை, பேச்சு இல்லை, ஒரு மாட்டின் அலறல்.

அவள் ஓடினாள். எர்மிலாவைத் தாண்டி, போலீஸ்காரரைத் தாண்டி, டாக்டரம்மாவின் முன்னால் போய் நின்றாள்.

"ஊமத்தை குடிச்சிருக்கார். காப்பியில. காலையில. ஒரு பிடி. நான்தான் குடுத்தேன். எங்கண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது."

எர்மிலாவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. "இலையா, விதையா, பூவா? வேக வச்சியா?" என்று மளமளவென்று கேட்டாள். பதில் வந்த வேகத்தில் நர்சுக்கு உத்தரவு போனது. "ஆம்புலன்சை நிறுத்து. மலைப்பாதையில இவரைக் குலுக்கிக்கிட்டுப் போனா வழியிலயே நெஞ்சு நின்னுடும். அறையை இருட்டாக்கு. ஈரத்துணி கொண்டா." கதவைச் சாத்துமுன் செனாய்தாவை ஒரு தடவை பார்த்தாள். "இதுல காதலும் இல்ல, கட்டும் இல்ல. விஷம். வெறும் விஷம். புரியுதா?"

புரிந்தது. கதவு சாத்திக்கொண்டது.

அப்புறம் காத்திருப்பு. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆள் பிழைக்கிறானா இல்லையா என்று தெரியாமல் அவர் எந்தக் கேஸை எழுதுவார்? அனிசேத்தோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். செனாய்தா ஜெபம் சொல்ல முயன்றாள். பாதியில் வார்த்தை மறந்துபோயிற்று. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள், மறுபடி மறந்தது. அரிசிப் பானைக்குள் தலைகீழாக நிற்கிற அந்தோணியாரிடம் எந்த முகத்தோடு கேட்பது?

வெயில் சாய்கிற நேரத்தில் டாக்டரம்மா வந்தாள். "நெஞ்சு அடங்கிட்டு வருது. பிழைச்சுக்குவார்னுதான் நினைக்கிறேன். பேர் கேட்டா சொல்றார்." சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

எர்மிலா எழுந்து நேராகச் செனாய்தாவிடம் வந்தாள். அடி விழப்போகிறது என்று செனாய்தா கண்ணை மூடிக்கொண்டாள். விழட்டும். விழுந்தால்கூட நிம்மதிதான்.

அடி விழவில்லை. எர்மிலா பக்கத்தில் உட்கார்ந்தாள். போலீஸ்காரருக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"எங்க சின்னம்மா புருஷன் ஒருத்தர் இருந்தார். அவருக்கும் குடுத்தாங்கன்னு சொல்வாங்க. உட்காருன்னா உட்காருவார். சாப்பிடுன்னாத்தான் சாப்பிடுவார். குதிரை ஓட்டின மனுஷன்." அறைக் கதவைப் பார்த்தாள். "ஆனா சாகிறவரைக்கும் ஊரைவிட்டுப் போகலை."

"அத்தே, நான்—"

"நீ பேசாதே. உன்னை நான் இந்த ஜென்மத்துல மன்னிக்க மாட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லு. இனிமே அவன் மோந்தெர்ரேய் போகமாட்டான் இல்ல?"

அந்தக் குரலில் இருந்தது கோபமா ஆசையா என்று செனாய்தாவுக்குத் தெரியவில்லை. பெற்ற தாயும் ஒரு வாரமாக இதே பயத்தைத்தான் தூக்கிச் சுமந்திருக்கிறாள். அதைவிட அவளை நடுக்கியது வேறு. அந்தக் கேள்விக்குத் தன் மனசும் காதைத் தீட்டிக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தது.

"போய்ப் பாரு. உன் பேரைத்தான் சொல்றான்," என்றாள் எர்மிலா.

அறை இருட்டாக இருந்தது. ஜன்னலில் போர்வை தொங்கியது. கட்டியிருந்த துணிகளை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். எவேலியோ மல்லாந்து படுத்திருந்தான். உதடு வெடித்திருந்தது. அவள் கால் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினான். கண் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது.

"நான் யாருன்னு தெரியுதா?"

"செனா."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு முதல் தடவையாக அழுதாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அதில் சூடு குறைந்திருந்தது.

"காப்பியில நான்தான் போட்டேன் எவேலியோ. நீ போயிடுவியோன்னு பயந்து போட்டேன். உன்னைக் கொன்னே இருப்பேன்."

"சரி," என்றான்.

"என்னைத் திட்டு. எதையாவது சொல்லித் திட்டு."

"சரி."

அவள் காத்திருந்தாள். அவன் திட்டவில்லை. அசதி, வேறென்ன, என்று நினைத்துக்கொண்டாள். சொல்லவேண்டியதை இப்போதே சொல்லிவிடவேண்டும், தைரியம் போய்விட்டால் அப்புறம் வாய் வராது. சால்வை ஓரத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ போ. நாளைக்கு முடியாது, உடம்பு தேறினதும் போ. மோந்தெர்ரேய்ல நல்லாப் பாடு. நான் குறுக்க நிக்க மாட்டேன். கல்யாணம் வேணாம்னாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"சரி."

சட்டென்று வந்த பதில். வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கிறவன். மரண வீட்டில்கூட அவன் வாய் சும்மா இருந்ததில்லை. கேட்கக்கூடாது என்று தெரிந்தும் செனாய்தா கேட்டாள்.

"இல்ல, போகாதே. இங்கயே இரு. எங்கூடவே இருந்துரு."

"சரி," என்றான், அதே குரலில், அதே முகத்தோடு.

அவள் கையை விட்டாள். அவன் கை விட்ட இடத்திலேயே, விட்ட மாதிரியே, விரல் மடங்காமல் அந்தரத்தில் நின்றது. அவள் அதைத் தாழ்த்திக் கட்டிலில் வைக்கும்வரை அங்கேயே நின்றது.

"எவேலியோ, என்னைப் பயமுறுத்தாதே. வேற வார்த்தை ஏதாவது சொல்லு."

அவன் கண் கொட்டாமல் அவள் முகத்தையே பார்த்தான்.

"நீ சொல்லு," என்றான். "நானும் சொல்றேன்."